கோச்சிடம் சேர்ப்பதற்கு முன்னும் பின்னும்: தடகளத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பள்ளி விளையாட்டு விழாவில் உங்கள் மகள் நூறு மீட்டரில் மற்றவர்களைப் பத்தடி பின்னால் விட்டுவிட்டு வந்திருப்பாள். பி.டி. சார் கூப்பிட்டு, "நல்லா வரும் சார், ஒரு கோச்கிட்ட சேர்த்துவிடுங்க" என்று சொல்லியிருப்பார். வீட்டுக்கு வந்ததும் கேள்விகள் கிளம்பும். ஓடத் தெரிந்த பிள்ளைக்கு ஓடச் சொல்லிக்கொடுக்க ஆள் எதற்கு? யூடியூபில் இல்லாததா? மாதாமாதம் பணம் கட்டினால் என்ன கிடைக்கும்? படிப்பு என்ன ஆகும்?

நியாயமான கேள்விகள்தான். காலை ஐந்தரைக்கு ஸ்டேடியம் கேட் ஓரமாக ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாக்களில் பலருக்கும் இதற்கு விடை கிடைத்தபாடில்லை. பதினொன்றிலிருந்து பதினெட்டு வயதுக்குள் ஓட்டம், தாண்டுதல், எறிதல் என்று வரும் பிள்ளைகளையும் அவர்கள் வீட்டாரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மற்ற விளையாட்டுக்காரர்கள் தங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளலாம்.

கோச் என்னதான் செய்கிறார்?

பிள்ளை தள்ளாடிக்கொண்டு வந்தால் "இன்னைக்கு நல்ல வொர்க்கவுட்" என்று திருப்திப்படும் பெற்றோர் அதிகம். பத்து ரவுண்டு ஓடு என்று சொல்ல கோச் வேண்டியதில்லை. விசில் வைத்திருக்கும் யாரும் சொல்லிவிடலாம். எது தப்பாகிறது, ஏன் தப்பாகிறது, இன்றைக்கு எதைச் செய்யவே கூடாது என்று கண்டுபிடிக்கிற கண் இருக்கிறதே, அதற்குத்தான் காசு.

நீளம் தாண்டல் குழியருகே நீங்கள் எந்த ஊரிலும் பார்க்கக்கூடிய காட்சி இது. ஒரு பெண் ஓடிவந்து தாண்டுகிறாள். கால் ஊன்றி எழும்ப வேண்டிய பலகையைத் தாண்டிக் கால் போய்விட்டது, சிவப்புக் கொடி. அப்பா வேலிக்கு வெளியிலிருந்து, "ஒரு அடி பின்னாடி போ" என்று கத்துகிறார். அவளும் ஓட்டம் தொடங்கும் அடையாளத்தை ஓர் அடி பின்னால் தள்ளி வைக்கிறாள். அடுத்த முறை பலகைக்கு ஒரு சாண் முன்னாலேயே கால் விழுகிறது. தாண்டிய தூரத்தில் அவ்வளவும் நஷ்டம். மூன்றாம் முறை மறுபடி ஃபவுல்.

நல்ல கோச் பலகைப் பக்கம் நிற்கவே மாட்டார். ஓட்டம் தொடங்குகிற இடத்தில் போய் நிற்பார். "சார், பலகையைத் தாண்டினாத்தானே ஃபவுல்? அப்ப கடைசி ஸ்டெப்லதானே தப்பு?" என்று அவள் கேட்டால், "கடைசி ஸ்டெப் இருக்கட்டும் பாப்பா. முதல் ரெண்டு ஸ்டெப் மட்டும் ஓடிக் காட்டு" என்பார். அவள் ஓடுவாள். ஒரு முறை நின்ற இடத்திலிருந்து கிளம்புகிறாள், இன்னொரு முறை இரண்டு எட்டு நடந்துவிட்டுக் கிளம்புகிறாள். அவளுக்கே அது தெரியாது. தொடக்கத்தில் ஒரு சாண் மாறினால் பலகைக்கு வருவதற்குள் அது இரண்டு மூன்று சாணாக ஆகிவிடும். கோச் டேப்பை இழுத்து அளந்து, நாலாவது ஸ்டெப் விழ வேண்டிய இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். அப்புறம் ஒரு வாரம் குழியில் தாண்டவே விடமாட்டார். டிராக்கிலேயே அந்த ஓட்டத்தை மட்டும் ஓட வைப்பார். வெளியே உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு, "தாண்டச் சொல்லிக்கொடுக்காம சும்மா ஓட விடுறாரே" என்று இருக்கும். அந்த வாரம்தான் அவர் கட்டும் பணத்துக்கு உண்மையான மதிப்பு.

யூடியூபில் நீளம் தாண்டல் பற்றி ஆயிரம் வீடியோ கிடைக்கும். உங்கள் மகளின் முதல் இரண்டு எட்டைப் பார்த்தது ஒன்றுகூட இல்லை.

பெரிய அளவிலும் இதே கதைதான். 100, 200 மீட்டர் ஓடிக்கொண்டிருந்த பி.டி. உஷாவை 400 மீட்டர் தடை ஓட்டத்துக்குத் திருப்பியவர் அவருடைய கோச் ஓ.எம். நம்பியார். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் உஷா வாங்கிய இரண்டு வெள்ளியும் குறுகிய ஓட்டங்களில் வந்தவை. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் தடை ஓட்டத்தில் 55.42 விநாடியில் நாலாவதாக வந்தார். வெண்கலம் நழுவியது ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கில். எந்தப் போட்டிக்கு இந்த உடம்பு என்று தீர்மானிப்பது கோச்சிங்கில் பாதி வேலை என்பேன். அந்த 55.42 இந்திய சாதனையாக 39 ஆண்டுகள் அப்படியே நின்றது. 2023 ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் அதைச் சமன் செய்தவர் கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ்.

போவதற்கு முன்னால் வீட்டில்

அவசரப்பட்டு ஸ்பைக்ஸ் (அடியில் முள் வைத்த ஷூ) வாங்காதீர்கள். முதல் வருடத்துக்கு அளவு சரியான ஒரு ஜோடி ரன்னிங் ஷூ போதும். அதற்குப் பதில் ஒரு நோட்டு வாங்குங்கள், கடைசிவரை பேசப்போவது அந்த நோட்டைப் பற்றித்தான். பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழுந்தது, என்ன விளையாடியது, எங்காவது வலித்ததா என்று நாளுக்கு இரண்டு வரி. கோச்சைப் பார்க்கப் போகும்போது இதைக் கையில் கொண்டுபோனால் முதல் நாளே பேச்சு வேறு தரத்தில் இருக்கும்.

ஒரு மருத்துவரிடம் காட்டி இதயம், மூச்சு, கண் எல்லாம் பார்த்துவிடுங்கள். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தாலோ, பிள்ளை ஓடும்போது மயங்கி விழுந்திருந்தாலோ அதை மறைக்காமல் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் கட்டாயம் பாருங்கள், பெண் பிள்ளை என்றால் இன்னும் கட்டாயம். "ரெண்டாவது ரவுண்டிலேயே உட்கார்ந்துடுறா, மனசே இல்ல" என்று திட்டு வாங்கும் பெண்களில் எத்தனையோ பேருக்குக் குறைவது மனசல்ல, இரத்தத்தில் இரும்பு.

பிறகு வாசல் நிலையில் பென்சிலால் உயரத்தைக் குறித்து வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். பெண் பிள்ளைகள் பன்னிரண்டு வயதையொட்டியும் ஆண் பிள்ளைகள் பதினாலை ஒட்டியும் மளமளவென்று வளருவார்கள். அந்தச் சமயத்தில் நன்றாக ஓடிய பிள்ளைகூடத் தடுமாறும், முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்த இடத்தில் வலிக்கும். கோச் அப்போது தாண்டல் பயிற்சியைக் குறைக்க வேண்டும். உயரக் கணக்கு கையில் இருந்தால்தானே அவருக்கும் தெரியும்.

எங்கே தேடுவது

முதல் கதவு உங்கள் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை உயரம் தாண்டல் பக்கம் திருப்பியது பள்ளி உடற்கல்வி ஆசிரியர்தான். பிறகு பெங்களூரில் சத்யநாராயணாவிடம் பயிற்சி எடுத்து, 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் இன்னொன்றையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்: பாரா தடகளத்தில், குறைபாட்டின் தன்மையை வைத்துப் பிரிப்பதில், எந்த வகைப்பிரிவில் பிள்ளை வரும் என்று. அது தெரியாமல் பயிற்சியில் இறங்கினால் திசை தப்பிவிடும்.

இரண்டாவது, மாவட்ட விளையாட்டரங்கம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட விளையாட்டு அலுவலகம் அங்கேயே இருக்கும். பணியிலுள்ள பயிற்சியாளர் யார், எந்த நேரம், எந்த விளையாட்டு என்று கேளுங்கள். தனியார் அகாடமி போர்டைப் பார்த்து மயங்கி, பக்கத்திலேயே குறைந்த செலவில் கிடைக்கும் அரசுப் பயிற்சியாளரைத் தவறவிடுகிறவர்கள் நிறைய. மாணவர்களைத் தங்கவைத்து உணவும் பயிற்சியும் தரும் விளையாட்டு விடுதிகளும் ஆணையத்துக்கு உண்டு. அதற்கு ஆள் எடுக்கும் தேர்வு எப்போது என்று இதே அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, கிளப்புகளும் தனியார் அகாடமிகளும். இங்கே தரம் மேலும் கீழுமாக இருக்கும். பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்.) டிப்ளமா, உடற்கல்விப் பட்டங்களான பி.பி.எட்., எம்.பி.எட்., உலகத் தடகள அமைப்பின் பயிற்சியாளர் சான்றிதழ் இவற்றில் எது இருக்கிறது என்று கேட்பதில் தப்பில்லை. "நானே நேஷனல் ஓடினவன்" என்பது பெருமைதான், ஆனால் அது தகுதிச் சான்று ஆகாது. நன்றாக ஓடியவர் எல்லாருக்கும் இன்னொருவர் ஓடுவதைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

சேர்ப்பதற்கு முன் போய் உட்கார்ந்து பாருங்கள்

பணம் கட்டுமுன் இரண்டு மூன்று நாள் மைதானத்துக்குப் போய், ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து பாருங்கள். பல விஷயம் தானாகத் தெரியும்.

வார்ம்-அப் எப்படி நடக்கிறது? "போய் ரெண்டு ரவுண்டு அடிச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டு கோச் போனில் பேசிக்கொண்டிருந்தால் ஒரு புள்ளி கழித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் அன்றைக்கு எப்படி நடந்து வருகிறார்கள், யாருக்குக் கால் இழுக்கிறது என்று பார்க்கக் கிடைக்கும் நேரம் அதுதான். எல்லாருக்கும் ஒரே பயிற்சியா? குண்டு எறிகிற பையனும் எண்ணூறு ஓடுகிற பெண்ணும் ஒரே வரிசையில் ஒரே ரவுண்டு ஓடினால் அங்கே நடப்பது பயிற்சி அல்ல, டிரில் வகுப்பு. கடைசியாக வருகிற பிள்ளையிடம் கோச் பேசுகிறாரா? முதலில் வருகிறவனிடம் எல்லாரும் பேசுவார்கள். ஒரு திருத்தம் சொன்னால் ஒன்றே ஒன்றைச் சொல்கிறாரா, அல்லது "கையை ஆட்டு, முட்டியைத் தூக்கு, தலையை நேரா வை, வாயை மூடு" என்று ஒரே மூச்சில் கொட்டுகிறாரா? ஓடிக்கொண்டிருக்கிற பிள்ளையால் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற முடியும்.

பிறகு நேரில் பேசுங்கள். என் அனுபவத்தில் உபயோகமான கேள்விகள் மூன்றுதான். "ஆறு மாசம் கழிச்சு இவ முன்னேறியிருக்காளான்னு எதை வச்சு சொல்வீங்க?" "போன வருஷம் உங்க பசங்கள்ல எத்தனை பேருக்கு அடிபட்டது, என்ன பண்ணீங்க?" "பத்தாவது பரீட்சை வந்தா அட்டவணை எப்படி மாறும்?" விடையைவிட, விடை சொல்லும்போது அவர் நோட்டை எடுக்கிறாரா என்று கவனியுங்கள். எழுதி வைக்காத கோச்சுக்கு ஞாபகத்தில் இருப்பது மெடல் வாங்கிய பிள்ளைகள் மட்டும்தான்.

எழுந்து வந்துவிட வேண்டிய இடங்கள்

இதில் தாட்சண்யம் பார்க்க வேண்டியதில்லை.

லேபிள் இல்லாத பவுடர், "ஸ்டாமினாவுக்கு" என்று ஊசி, "எல்லா பசங்களும் எடுக்குறாங்க" என்கிற பேச்சு. ஊக்கமருந்து விதியில் தெரியாமல் சாப்பிட்டேன் என்பதால் மட்டும் தப்ப முடியாது. உடம்பில் என்ன இருந்தாலும் பொறுப்பு விளையாட்டு வீரருடையது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றாலும் பரிசோதனை உண்டு. தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 முதல் புதுப்பிக்கப்படுகிறது. சளி மருந்துகூட மாட்டிவிடும். ஆகவே எந்த மாத்திரையானாலும் டாக்டரிடம் "இவள் போட்டியில் ஓடுகிறவள்" என்று சொல்லி வாங்குங்கள். அதிகமாகப் பரிசோதனை செய்யும் நாடுகளில் பிடிபடும் விகிதத்தில் இந்தியா மேல்வரிசையில் நிற்கிறது என்பது தடகளத்துக்கு வரும் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டிய கசப்பு.

பிறந்த தேதியை மாற்றலாம் என்பவர். பதினாறு வயதுக்காரனைப் பதினாலு வயதுப் பிரிவில் ஓடவிட்டால் மெடல் வரும், வேலை ஒதுக்கீட்டுக்குச் சான்றிதழ் வரும் என்று கணக்கு. எலும்பு வயதுப் பரிசோதனையில் மாட்டினால் பேரே போய்விடும். மாட்டாவிட்டாலும், பதினெட்டில் சம வயதுக்காரர்களோடு நிற்கும்போது ஒன்றுமில்லாமல் போகும்.

பிள்ளையைத் தனியாகக் கூப்பிடுபவர். தனி அறையில் மசாஜ், இரவில் தனி மெசேஜ், "வீட்ல சொல்லாத" என்கிற வார்த்தை, பெண் பிள்ளைகள் வெளியூர் போட்டிக்குப் போகும்போது கூடவே பெண் பொறுப்பாளர் இல்லாதது. இதில் எது நடந்தாலும் யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ள வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. பெரிய கோச், நிறைய மெடல் கொண்டுவந்தவர் என்பதெல்லாம் இதற்கு முன்னால் செல்லாது.

"ஆறு மாசத்துல ஸ்டேட் மெடல் கேரன்டி" என்பவரைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

முதல் மூன்று மாதம்

முதல் வாரத்திலேயே சில அளவுகளை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்: நின்ற இடத்திலிருந்து முப்பது மீட்டர் ஓட்டம், நின்றபடி நீளம் தாண்டல், போட்டிக்குரிய தூரத்தில் ஒரு நேரம். ஆறு வாரத்துக்கு ஒருமுறை அதே மைதானத்தில், அதே வேளையில், அதே ஷூவோடு திரும்ப எடுக்க வேண்டும். மண் டிராக்கில் எடுத்த நேரத்தையும் சிந்தெடிக்கில் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "முன்னேறிட்டா" என்று சொன்னால் அது ஏமாற்று.

நேரக் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்டாப்வாட்ச்சைக் கையால் அழுத்துபவர் துப்பாக்கிப் புகையைப் பார்த்து அழுத்துவதற்குள் கொஞ்ச நேரம் கடந்துவிடும். அதனால் கை நேரம் எப்போதும் குறைவாகத்தான் காட்டும். நூறு மீட்டர், இருநூறு மீட்டருக்கு கை நேரத்தோடு 0.24 விநாடியைக் கூட்டி எலக்ட்ரானிக் நேரத்தோடு ஒப்பிடுவது வழக்கம்; நானூறுக்கு 0.14. கை நேரத்தை மேல் பத்தாம் பங்குக்கு ஏற்றித்தான் எழுத வேண்டும் என்பதும் விதி. ஸ்டாப்வாட்ச் 10.91 என்று காட்டினால் எழுத வேண்டியது 11.0. எலக்ட்ரானிக்கில் அது சுமார் 11.24. உள்ளூரில் "பத்து புள்ளி எட்டு ஓடுறான்" என்று பேர் வாங்கிய பையன் மாநிலப் போட்டியில் பதினொன்று சொச்சம் ஓடி அழுதுகொண்டு நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அவன் மோசமாக ஓடவில்லை, ஊரில் சொன்ன கணக்கு தப்பு. காற்றையும் பாருங்கள்: பின்னாலிருந்து விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் அடித்தால் அந்த நேரம் சாதனைக் கணக்கில் சேராது.

நோட்டுக்கு வருவோம். பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து பிள்ளையிடம் ஒரே கேள்வி: "பத்துக்கு எத்தனை கஷ்டமா இருந்தது?" ஏழு என்றால், பயிற்சி அறுபது நிமிடம் என்றால், ஏழை அறுபதால் பெருக்கி 420 என்று எழுதுங்கள். வாரக் கடைசியில் எல்லாவற்றையும் கூட்டுங்கள். போன வாரம் 1500, இந்த வாரம் 2600 என்று எகிறியிருந்தால் கோச்சிடம் காட்டுங்கள். எங்காவது இழுத்துக்கொள்வது இப்படிப்பட்ட வாரங்களுக்குப் பிறகுதான். உலகம் முழுக்கப் பெரிய அணிகளும் இதே கணக்கைப் போடுகின்றன. தேவைப்படுவது ஒரு பேனாவும் பிள்ளையின் உண்மையான பதிலும். இரண்டாவதுதான் கஷ்டம். "மாஸ்டர் திட்டுவார்" என்று எட்டை ஐந்தாக்கிச் சொல்கிற பிள்ளைகள் உண்டு. அப்படிப் பொய் சொல்ல வேண்டிய நிலை இருந்தால் பிரச்சினை கோச்சிடம் இருக்கிறது.

முதல் மூன்று மாதத்தில் நேரம் பெரிதாகக் குறையாமல் போகலாம், ஏன், கூடவும் செய்யலாம். ஓட்டத்தின் பாணியை மாற்றும்போது அப்படித்தான் ஆகும். அப்போது பார்க்க வேண்டியது வேறு: வலி இல்லாமல் தொடர்ந்து வர முடிகிறதா, செய்வதை ஏன் செய்கிறோம் என்று பிள்ளையால் சொல்ல முடிகிறதா. "இன்னைக்கு என்ன பண்ணீங்க?" என்று கேட்டால் "ஓடினோம்" என்று சொன்ன பெண், மூன்று மாதம் கழித்து "ஆறு தடவை அறுபது மீட்டர், நடுவுல அஞ்சு நிமிஷம் ரெஸ்ட், முதல் பத்து மீட்டர்ல தலையைத் தூக்கக்கூடாதுன்னு சார் சொன்னாரு" என்று சொன்னால் பணம் வீண் போகவில்லை.

சீசன் கணக்கு

எந்தத் தேதியில் உச்சத்துக்கு வர வேண்டும் என்பதை வைத்துப் பின்னாலிருந்து முன்னால் திட்டம் போடுவதுதான் பயிற்சியாளரை விசிலடிப்பவரிடமிருந்து பிரிக்கிறது. நம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று போட்டி அடுக்கு ஒன்று. முதலமைச்சர் கோப்பை ஒன்று. தடகளச் சங்கங்களின் 14, 16, 18, 20 வயதுப் பிரிவுப் போட்டிகள் வேறு. எல்லாவற்றிலும் உச்சத்தில் ஓட யாராலும் முடியாது. இந்த வருடத்துக்கு முக்கியமான போட்டி எது, எது வெறும் ஒத்திகை என்று ஆரம்பத்திலேயே கோச்சும் பிள்ளையும் நீங்களும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்துவிடுங்கள். குறுவட்டத்தில் இரண்டாவதாக வந்ததற்காக வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டியிருக்காது.

முக்கியமான போட்டிக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால் கோச் பயிற்சியின் அளவைக் குறைப்பார். வேகம் அப்படியே இருக்கும், எண்ணிக்கை பாதியாகும். பெற்றோர் பதறும் நேரம் இது. "போட்டி வருது, இப்ப போய் சீக்கிரம் அனுப்புறாரே" என்று சாயங்காலம் தெருவில் தனியாக ஓடவிட்ட அப்பாக்கள் உண்டு. செய்யாதீர்கள். பல மாதம் சேர்த்த உழைப்பு உடம்பில் ஊறுவதே அந்த ஓய்வில்தான்.

மற்ற நிபுணர்கள் எப்போது?

பெரிய வீரர்களைச் சுற்றி ஒரு கூட்டமே இருக்கிறது. நீரஜ் சோப்ரா 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஈட்டியை 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கியபோது அவரோடு இருந்தவர் ஜெர்மனிக்காரர் கிளாஸ் பார்டோனியெட்ஸ். உடலியக்கவியல் அவருடைய துறை. பிசியோ தனி. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று உலகச் செஸ் சாம்பியனான சென்னை குகேஷுக்குக் காய் நகர்த்தலில் உதவ செஸ் பயிற்சியாளர் கஜெவ்ஸ்கி தலைமையில் ஒரு குழு. மனதுக்குத் தனியாக பேடி அப்டன். 2011 உலகக் கோப்பை வென்ற இந்திய கிரிக்கெட் அணியோடு வேலை பார்த்த அதே அப்டன்தான்.

பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு பேர் வேண்டாம். வலி இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் பிசியோ. பெண் பிள்ளைக்கு மூன்று மாதமாக மாதவிடாய் நின்றிருந்தால் உடனே மருத்துவர். "ஸ்போர்ட்ஸ் ஆடுறதால அப்படித்தான்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், சாப்பாடு போதவில்லை என்று உடம்பு சொல்கிற வழி அது. எடைப் பயிற்சி செய்தால் வளர்த்தி நின்றுவிடும் என்ற பயம் வேண்டாம். தெரிந்தவர் மேற்பார்வையில், முதலில் தன் உடல் எடையை வைத்தே செய்தால் நல்லதுதான்.

மனதுக்கான பயிற்சியை நல்ல கோச்சே ஆரம்பித்து வைப்பார். நீளம் தாண்டலில் வழக்கமாக முதலில் மூன்று வாய்ப்பு, முதல் எட்டுப் பேருக்குள் வந்தால் இன்னும் மூன்று. முதல் இரண்டும் ஃபவுல் ஆனால் மூன்றாவதுக்கு நிற்கும்போது வயிறு கலங்கும். அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பயிற்சியிலேயே பழக்கியிருக்க வேண்டும்: ஸ்பைக்ஸ் லேஸை ஒருமுறை இறுக்கு, ஒரு மூச்சை நீளமாக விடு, நாலாவது ஸ்டெப் கோட்டை மட்டும் பார். போட்டியன்று காலையில் பிள்ளையின் தோளைத் தட்டி "தைரியமா இரு" என்று சொன்னால் மட்டும் தைரியம் வந்துவிடாது.

வீட்டார் வேலை

உணவைப் பற்றிப் பேசினாலே புரோட்டீன் டப்பாவில் போய் நிற்கிறது. முட்டை, சுண்டல், வேர்க்கடலை, மீன், கேழ்வரகு, கீரை, வயிறு நிறையச் சோறு: இதில் குறை இல்லாமல் இருந்தாலே பெரும்பாலான பிள்ளைகளுக்குப் போதும். சாப்பாட்டோடு டீ வேண்டாம், இரும்புச் சத்து உடம்பில் சேர்வதை அது கெடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும்.

தூக்கம்தான் உண்மையான சண்டை. இந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் வேண்டும். டியூஷன் ஒன்பது மணிவரை, ஹோம்வொர்க் பதினொன்றுவரை, காலை நாலே முக்காலுக்கு அலாரம் என்றால் உலகத்தின் மிகச் சிறந்த கோச்சைக் கொண்டுவந்தாலும் ஒன்றும் நடக்காது. டியூஷன் நேரத்தை மாற்ற முடியாவிட்டால், வாரத்தில் எந்த இரண்டு காலைகளில் பிள்ளை வராது என்று கோச்சிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நல்லவர் அதற்கேற்ப மாற்றிக்கொடுப்பார்.

போட்டி முடிந்து திரும்பும் வழியில் வண்டியில் அலசல் வேண்டாம். எங்கே தப்பு என்பதை கோச் நாளைக்குச் சொல்வார். பசிக்குதா என்று கேளுங்கள், போதும். வேலிக்கு வெளியிலிருந்து திருத்தம் சொல்வதும் இதே கணக்குதான். இரண்டு குரல் கேட்டால் பிள்ளை இரண்டையும் விட்டுவிடும்.

கோச்சை மாற்றுவது

ஒரு போட்டியில் தோற்றதற்காக மாற்றாதீர்கள். ஒரு முழு சீசன் கொடுங்கள். அதற்குப் பிறகும் அளவுகளில் ஒன்றுகூட நகரவில்லை, காரணம் கேட்டால் கோபம்தான் வருகிறது, அடிபட்ட இடத்திலேயே திரும்பத் திரும்ப அடிபடுகிறது என்றால் யோசிக்கலாம்.

கோச் நல்லவராகவே இருந்தும் மாற்ற வேண்டி வரும். அவரவருக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தானே ஒப்புக்கொண்டு "இனிமே இவனைப் பெரிய இடத்துக்கு அனுப்புங்க" என்று சொல்லும் ஊர் மாஸ்டர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை. தூத்துக்குடி மாவட்டம் முதலூரில் கிளம்பிய ஜெஸ்வின் ஆல்ட்ரின் 2023 மார்ச்சில் 8.42 மீட்டர் தாண்டி நீளம் தாண்டலில் இந்திய சாதனை வைத்தபோது, அவருக்குப் பயிற்சி தந்தவர் கியூபாவின் யோவான்ட்ரி பெட்டான்சோஸ். உலகத் தடகளச் சாம்பியன்ஷிப்பில் மும்முறைத் தாண்டலில் இரண்டு வெள்ளி வாங்கியவர் அவர். அந்த உயரத்தில் தேவைப்படும் கண் வேறு.

போய்விட்டுத் திரும்பி வந்தவர்களும் உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன் பிரிந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை மனு பாக்கரும் அவருடைய கோச் ஜஸ்பால் ராணாவும் மறுபடி சேர்ந்தார்கள். 2024 பாரிஸில் மனுவுக்கு இரண்டு வெண்கலம். கதவை அறைந்து சாத்திவிட்டு வந்திருந்தால் அது நடந்திருக்காது. ஆகவே மாற்றுவதென்று முடிவானால் வாட்ஸ்அப்பில் சொல்லாதீர்கள். பிள்ளையையும் அழைத்துக்கொண்டு நேரில் போய்ச் சொல்லுங்கள். பழைய மாஸ்டர் எடுத்து வைத்திருக்கும் அளவுகளையும், எந்த மாதம் எங்கே வலித்தது என்பதையும் உங்கள் நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, முதல் நாளே அதைப் புதியவர் கையில் கொடுங்கள். அதைப் பிரித்துப் படிக்காமல் மேசை மேல் வைத்துவிட்டு "நாம புதுசா ஆரம்பிப்போம்" என்று சொன்னால், பணம் கட்டுவதற்கு முன் இன்னும் ஒரு மைதானம் போய்ப் பாருங்கள்.